ஊதாத் துணிக்கு அடியில் வாத்துக் குஞ்சுகள்

உங்கள் கைப்பேசியில் என்ன விளையாடுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? சதுரங்கம் என்பீர்கள். இல்லையென்றால் சுடோகு. மூளைக்கு நல்லதாம், டாக்டரே சொன்னாராம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் நம் வயதில் மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, கழிவறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, கோழிக்குத் தீனி போடுகிற, கலர் கலராகப் பழம் அடுக்குகிற ஆசாமிகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாதா? நடிக்காதீர்கள் ஐயா. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரே வித்தியாசம், இந்த வெட்கம் எங்கள் வீட்டில் நேற்று வந்ததல்ல. அப்பா காலத்திலிருந்தே இருக்கிறது.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், கடல் பக்கம் குடியிருந்தோம். கோயில் மணி அடித்தால் வீட்டுக்குள் கேட்கும். எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில். சந்து வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அவர்கள் மிளகாய் தாளித்தால் நாங்கள் இருமுவோம். அப்பா தியாகராய நகரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் படிப்பதும் அவர்தான். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. அம்மா பாண்டி பஜார் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீடு திரும்ப ஆறரை ஆகும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு, மஸ்கட்டில் இருந்த மாமா டிவி கேம் வாங்கி வந்தார். உங்களுக்கு நினைவிருக்கும். சாம்பல் நிறப் பெட்டி, வயர் வைத்த இரண்டு கைப்பிடிகள், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கேசட்டைச் செருகினால் படம் வராது. வெளியே எடுத்து, வாயை வைத்து ஊதி, ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் செருக வேண்டும். உதட்டில் ஒரு உலோக ருசி ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஆடினால் டிவியின் மேல்பக்கம் சூடாகி, தூசி வறுபடுகிற வாசனை வரும். அந்த வாசனை இப்போது எந்தக் கடையில் கிடைக்கும்?

மெல்ல மெல்லத் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் அந்தப் பெட்டி வந்தது. ஆனாலும் தெருப் பையன்கள் மொத்தப் பேரும் எங்கள் கூடத்தில்தான் கிடந்தார்கள். கராத்தே, பீரங்கி, கார் ரேஸ். நானும் அவர்களோடு சேர்ந்து அடி, உதை, சுடு என்று கத்துவேன். ஆனால் எனக்குப் பிடித்த ஆட்டம் அதுவல்ல. திரையில் வரும் ஆட்டப் பட்டியலில் கடைசியில் ஒன்று இருந்தது. ஒரு தாய் வாத்து நடக்கும். பின்னால் குஞ்சுகள் வரிசையாக வரும். இருட்டுவதற்குள் அவற்றைக் குளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குஞ்சு ஒன்று புதரில் பின்தங்கிவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று கத்தும். திரும்பிப் போய், பட்டனை அழுத்திக் குரல் கொடுத்து, கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். சண்டை கிடையாது, சாவு கிடையாது.

ஒருமுறை தவறிப்போய் அந்த ஆட்டம் வந்துவிட்டது. பையன்கள் கூடத்தில் விழுந்து புரண்டார்கள்.

"டேய், இன்னாடா இது? பால்வாடி கேமா? மாத்துடா, மாத்து!"

"மாமா தெரியாம வாங்கினு வந்துட்டாருடா," என்றேன் நான். அதற்குப் பிறகு யாரும் இல்லாத நேரத்தில் மட்டும் விளையாடினேன். ஒரு விரல் எப்போதும் ரீசெட் பட்டன் பக்கத்திலேயே இருக்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் வாத்துகள் மறைந்து பீரங்கி வந்துவிடும்.

பிறகு தவக்காலம் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த புதன்கிழமையிலிருந்து ஈஸ்டரான உயிர்ப்பு ஞாயிறு வரை எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது, சினிமா கிடையாது, புதுத்துணி கிடையாது. கடைசி வாரங்களில் மாதா, சூசையப்பர் என்று கோயில் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடுவார்கள். அம்மா அவ்வளவு நாள் காத்திருக்கமாட்டாள். முதல் நாளே தன் பழைய ஊதாப் புடவையைக் கிழித்து டிவிக்குப் போர்த்திவிடுவாள். டிவியும் ஒரு சுரூபம் மாதிரி மூலையில் நின்றுகொண்டிருக்கும்.

தெருவில் இருந்த சபைக் குடும்பத்தார் எல்லோரும் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். அந்த முதல் வாரம் எங்கள் வீடு. ஜெபம் முடிந்து சுண்டல் கொடுப்பதற்கு முன்னால் அப்பா எழுந்து நின்றார்.

"கறிய விடறது பெரிய ஒறுத்தல் இல்ல. நாக்கு பழகிடும். எது நம்மள ஆட்டி வெக்குதோ அதை விடணும். இந்தப் பசங்களைப் பாருங்க. பரீட்சை வருது, கண்ணு ரெண்டும் டிவியில. எங்க வீட்ல உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் டிவி கேம் கிடையாது. உங்க வீட்லயும் எடுத்து உள்ள வைங்க. ஆண்டவர் முன்னால ஒரு வார்த்தை கொடுத்துட்டுப் போங்க."

வாசகம் படிக்கிற அதே குரல். யார் மறுப்பது? எல்லா வீட்டுக்காரர்களும் வார்த்தை கொடுத்தார்கள். பெட்டிகள் அலமாரிக்குள்ளும் பரண் மேலும் போயின. மறுநாள் தெருவில் பையன்கள் என்னைச் சுற்றி வளைத்தார்கள்.

"உங்க நைனாவுக்கு வேற வேலையே இல்லியாடா? உங்க வூட்ல பூட்டிக்கினா போதாதா?"

எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே, வெளியே சொல்ல முடியாத ஒரு ஏக்கமும் இருந்தது. அந்தக் குஞ்சுகளை அத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருப்பது என்று.

மார்ச் மாதத்தில் ஒரு மதியம். பள்ளியில் தண்ணீர் வரவில்லை என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. அந்த வெயிலில் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கின்றன. அப்பாவுக்குப் பரீட்சைக் காலத்தில் காலையோடு வேலை முடிந்துவிடும், மதியம் பேப்பர் திருத்துவார் என்று தெரியும். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அப்போது உள்ளே அவர் குரல் கேட்டது.

"வா... வா... இங்க வாடி செல்லம். பயப்படாத. நான் இருக்கேன் இல்ல? உன்ன விட்டுட்டுப் போயிடுவேனா?"

தூக்கிய கையை இறக்கினேன். பதினொரு வயதுப் பையனுக்கு எல்லாம் தெரியாது. ஆனால் கொஞ்சம் தெரியும். ஜன்னல் பலகையில் ஒரு பிளவு இருந்தது. அதில் கண்ணை வைத்தேன். அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊதாத் துணி பக்கத்து நாற்காலியில் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் தாய் வாத்து புதரோரம் நின்றுகொண்டிருந்தது. பின்தங்கிய குஞ்சு ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அது வந்து சேர்ந்ததும் அப்பா சிரித்தார். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தட்டாமல் திரும்பிப் போனேன். கோயில் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. அப்பாவின் வேட்டி அவிழ்ந்து நின்றதைப் பார்த்துவிட்ட மாதிரி முகமெல்லாம் கூசியது. இன்னொன்றும் இருந்தது. என்னை அவர் "டேய்" என்பார். கோபம் வந்தால் ஞானஸ்நானப் பெயரை முழுசாகச் சொல்வார். செல்லம் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஒரு வாத்துக் குஞ்சுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் ஊதாத் துணிக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பேன். டிவியின் தலை வெதுவெதுப்பாக இருக்கும். அப்பா பேப்பர் கட்டுக்கு முன்னால் சிவப்பு மசிப் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். நானும் பார்க்கமாட்டேன். ஆனால் அந்தத் தவக்காலம் முழுக்க அவர் என்னை ஒரு அடிகூட அடிக்கவில்லை. சாப்பிடும்போது ரசத்தைக்கூடப் புகழ்ந்தார்.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின பெரிய வியாழன் மாலைப் பூசையில், ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, சபையிலிருந்து பன்னிரண்டு ஆண்களை உட்கார வைத்து ஃபாதர் பாதம் கழுவி முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக வருவது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. நல்ல குடும்பஸ்தன், கைசுத்தமானவன், வாய்சுத்தமானவன் என்று சபையே ஒத்துக்கொள்கிற மாதிரி. அந்த வருஷம் அதற்கு முந்தின ஞாயிறு ஃபாதர் படித்த பெயர்களில் முதல் பெயர் அப்பாவுடையது. முதல் நாற்காலி, தலைமைச் சீடர் பேதுருவின் நாற்காலி. அம்மாவுக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்து மாளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவின் குதிகால்களைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பாளம் பாளமாக வெடித்த கால். "இந்தக் காலையா ஃபாதர் முத்தி செய்யணும்?" என்று சொல்லி, தினமும் வெந்நீரில் ஊற வைத்துக் கல்லால் தேய்த்தாள். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினாள். கழுவப்படப் போகிற காலை முன்கூட்டியே கழுவி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். எல்லாச் சீடர்களின் வீட்டிலும் அந்த வாரம் இதே கூத்துதான்.

புதன்கிழமை சாயங்காலம், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். அப்பா எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். உள்ளே போய் முழந்தாளிட்டவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவர் வெளியே வந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன. நான் என் பாவங்களைச் சொல்லி, ஃபாதர் கொடுத்த ஜெபங்களை முடித்து எழுந்தபோது வரிசை தீர்ந்திருந்தது; ஃபாதர் உடை மாற்றுகிற சக்ரீஸ்து அறை வாசலில் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இல்ல ஃபாதர். வேற யாரையாவது உக்கார வைங்க. எனக்குத் தகுதி இல்ல."

"அதுதான் மன்னிச்சாச்சே. நாளைக்கு வந்து உக்காருங்க," என்றார் ஃபாதர்.

"ஊருக்கே சொல்லி வாக்கு வாங்கினவன் நான். அந்த நாற்காலியில என்னால உக்கார முடியாது ஃபாதர்."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் வெளியே எடுக்க முடியாது. பன்னிரண்டு பேர் வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒருவரைக் கைகாட்டினார். அவர் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு அங்கிள்.

முதல் நாற்காலி கிடைத்தவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லாமல் இருப்பாரா? மறுநாள் அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, அப்பாவின் வேட்டிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொண்டிருந்தாள். அப்பா இன்னும் அவளிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காத. உன் வூட்டுக்காரர் நாற்காலி வேணாம்னு சொல்லிட்டாராம். என் வூட்டுக்காரர உக்கார சொல்லிக்கீறாங்க. நான் இத்தினி நாளா வாயத் தொறக்கல. மத்தியானத்துல உன் வூடு சாத்திக்கீது. உள்ள அவரு யாரையோ கொஞ்சிக்கினு கீறாரு. 'வாடி செல்லம், உன்ன விட்டுட்டுப் போயிடுவேனா'ன்னு. என் காதால கேட்டேன்க்கா. நீ நல்லாயிருக்கணும்னுதான் சொல்றேன்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஆன்ட்டி போனதும் அப்பாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாருங்க அவ?"

அப்பாவின் பார்வை டிவிப் பக்கம் போனது.

"மத்தியானத்துல யாரு வராங்க இந்த வீட்டுக்கு? நான் ஆபீஸ்ல விரல் தேயத் தட்டிட்டு இருக்கேன். யாரைக் கொஞ்சறீங்க நீங்க? இந்தப் பையன் மேல கையை வெச்சுச் சொல்லுங்க."

"வாத்து," என்றார் அப்பா.

"என்னது?"

"டிவி கேம்ல ஒரு வாத்து. குஞ்சுங்களைக் கூட்டிட்டுப் போகணும். அதுதான்."

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்குங்க. வாத்துக்காக ஒரு மனுஷன் பேதுரு நாற்காலியை விடுவானா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை இவ்வளவு மட்டமா நெனச்சிட்டீங்களே!" அவள் அலமாரியைத் திறந்து தன் புடவைகளை எடுத்துக் கட்டிலில் போட ஆரம்பித்தாள். பாலவாக்கத்தில் அவள் அண்ணன் வீடு இருந்தது. நான் பார்த்தேன் அம்மா, உண்மைதான் அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கேம்தான் பிடிக்கும் என்பது அதோடு சேர்ந்து வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வீடு உடைகிற நேரத்தில் என் கவலை அது! இதை எழுதும்போதுகூட என் காது சுடுகிறது.

அப்பா டிவியின் ஊதாத் துணியை எடுத்தார். நான்காக மடித்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுத்து வயரைச் செருகினார். கேசட்டை எடுத்து இரண்டு முறை ஊதி, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினார். செய்தி பார்க்க வேண்டுமென்றாலும் "டேய், சேனலை மாத்து" என்று என்னைக் கூப்பிடுகிற மனுஷன். அம்மா கையில் புடவையோடு நின்று பார்த்தாள்.

அவர் விளையாடினார். பெரிய வியாழன் மதியம், மனைவி முன்னால், மகன் முன்னால், தன் வாக்கைக் கடைசியாக ஒருமுறை முறித்துக்கொண்டு விளையாடினார். நான் ஒருநாளும் தாண்டாத ஓடையைச் சும்மா தாண்டினார். அதற்குப் பிறகு ஒரு மரப்பாலம், அதற்குப் பிறகு மழை. அப்படியெல்லாம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஒரு நாளில் வருகிற வித்தை இல்லை அது. மழையில் கடைசிக் குஞ்சு ஒன்று நின்றுவிட்டது. திரை இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா எங்களை மறந்துவிட்டார்.

"வா... வாடி செல்லம். பயப்படாத. உன்ன விட்டுட்டுப் போயிடுவேனா?"

அம்மாவின் கையிலிருந்து புடவை நழுவியது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்தாள். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

"பையன் எதுல கெட்டுப்போறான்னு பார்க்கத்தான் எடுத்தேன்," என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். "அந்தக் கடைசிக் குஞ்சு தனியா நின்னு கத்துது. விட்டுட்டு எழுந்திருக்க முடியல."

"ஐயோ, இதைப் போய்..." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டென்று முகம் மாறியது. "வெளிய யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. டேய், உனக்கும்தான்."

"அப்ப அவங்க நெனைக்கிறது?" என்றார் அப்பா.

"நெனச்சிட்டுப் போகட்டும். பொம்பளைன்னா நாலு நாள் பேசுவாங்க, விட்டுடுவாங்க. வாத்துன்னா சாகற வரைக்கும் சிரிப்பாங்க. தெருவுல அத்தனை வீட்லயும் பூட்ட வெச்சீங்களே, அவங்க மூஞ்சில எப்படி முழிப்பீங்க? பள்ளிக்கூடத்துக்குப் போக முடியுமா உங்களால?"

அப்பா யோசித்தார். கணக்கு வாத்தியார் இல்லையா, கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பார். "சரி," என்றார்.

அன்று மாலை பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்வரிசைப் பெண்கள் திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். பார்வையில் அத்தனை இரக்கம். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பேதுருவின் நாற்காலியில் பக்கத்து வீட்டு அங்கிள் காலை நீட்ட, ஃபாதர் தண்ணீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டார். அப்பா பெஞ்சுக்கு அடியில் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துத் தேய்த்து, குழந்தைக் கால் மாதிரி இருந்தன.

டிவி கேமை உயிர்ப்பு ஞாயிறன்று அப்பாவே என் கையில் கொடுத்தார். கேசட் அதில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து "அந்தப் பாலத்தை எப்படிப்பா தாண்டினே?" என்று கேட்டிருக்கலாம். சொல்லிக்கொடுத்திருப்பார். இருவருக்கும் வெட்கம்.

அம்மா போட்ட கணக்குத் தப்பு. நாலு நாளில் விடவில்லை. வாசகம் படிக்க அதற்குப் பிறகு யாரும் அப்பாவைக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

போன வருஷம் அப்பா போய்விட்டார். வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டி. தலைமாட்டில் மெழுகுவர்த்தி. பக்கத்து வீட்டு அங்கிள் கைத்தடி ஊன்றி வந்து, பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என் தோளைப் பிடித்தார்.

"உங்கப்பா பெரிய மனுஷன்பா. ஒரு காலத்துல காலு கொஞ்சம் சறுக்கிச்சு. யாருக்குத்தான் சறுக்கல? ஆனா மனந்திரும்பி வாழ்ந்தாரு. ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சிருப்பாரு."

"இல்ல அங்கிள், அது வந்து..." என்று வாயைத் திறந்தேன். முப்பது வருஷம் ஆகிவிட்டது, இனி யார் சிரித்தால் என்ன? அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆமாண்ணே," என்றாள், கண் கலங்காமல். "அந்த வருஷத்தோட அவளைத் தலைமுழுகிட்டார்."

அங்கிள் தலையாட்டினார். ஜெபமாலை தொடங்கியது. எல்லோரும் முழந்தாளிட்ட அந்த அமைதியில் என் சட்டைப் பையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொக்கொக்கோ, கொக்கொக்கோ. கோழிகளுக்குத் தீனி தீர்ந்துவிட்டது என்று கைப்பேசி கூப்பிடுகிறது. ஜெபம் நின்றது. கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. எடுத்து அணைப்பதற்குள் இன்னும் இரண்டு முறை கொக்கரித்தது.

"பொண்ணு ஏதோ போட்டு வெச்சிருக்கா," என்றேன்.

என் மகள் பெட்டியின் கால்மாட்டில் இருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், கைப்பேசியில் விளையாடுகிற வழக்கமே இல்லாதவள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். கழிவறைக்குள் நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"சாரி தாத்தா," என்று அங்கிளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.